ஒரே தடவை கூப்பிட்ட குரல்

பொழுது சாயும் நேரத்தில் ஒரு தடவை மட்டும் கூப்பிடும் குரலுக்குத் திரும்பக் கூடாது. மறுபடியும் கூப்பிட்டால்தான் அது மனுஷக் குரல். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டத்தில் ரப்பர் போய் எண்ணெய்ச் செம்பனை வந்தது, தொழிலாளர் லைன் வீடுகள் காலியாயின, இந்த ஒரு விதி மட்டும் ஜனங்களை விட்டுப் போகவில்லை. ஈப்போவுக்கு வந்து பிளாட்டில் குடியேறியும் குமுதா இந்த விஷயத்தில் பச்சைத் தோட்டக்காரிதான்.

அவள் அக்கா வீரம்மா தோட்டத்திலேயே தங்கிவிட்டவள். ஒரு சாயங்காலம் கொல்லையில் காய்ந்த துணியை எடுக்கப் போனவள், தலையில் நரம்பு வெடித்து அங்கேயே விழுந்து செத்தாள். வீட்டுக்குள் இருந்தது எட்டு வயது மகள் தினேஸ்வரி மட்டும். பிள்ளையைக் குமுதா கூட்டிவந்தாள்.

வந்ததிலிருந்து பிள்ளை வாயே திறக்கவில்லை. கூப்பிட்டாலும் திரும்பாது. காதில் கோளாறு இல்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். அந்தியானால் துணி உலர்த்தும் பின் பால்கனியில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

பிள்ளைகளின் மனக்காயத்துக்கு உதவும் ரோஷினியிடம் குமுதா வாராவாரம் கூட்டிப்போனாள். ரோஷினி மருந்து எதுவும் தரவில்லை. பிள்ளையோடு தரையில் உட்கார்ந்து, அது செய்வதையே தானும் செய்வாள். "கேள்வி கேக்காதீங்கக்கா. பக்கத்துல இருங்க. அவளா உங்கள தேடினா மட்டும் உடனே போங்க" என்பாள்.

அந்த வாரம் குமுதா உடைந்துபோனாள்.

"என்னால முடியல மிஸ். இவள ஹோம்ல விட்டுரலாமா?"

"ஏன்க்கா?"

"செத்துப்போன அக்கா என் வீட்டுக்கே வந்துட்டா லா. பொழுது சாஞ்சா பின்னால நின்னு 'இங்க வா'ன்னு கூப்பிடுறா. ஒரே வாட்டி. அவ குரலேதான். நான் திரும்பவே மாட்டேன். துன்னூற பூசிக்கிட்டு அடுப்படியிலயே நிப்பேன்."

"அப்ப தினேஸ் எங்க இருப்பா?"

"பால்கனியில... எனக்குப் பின்னாலதான் மிஸ்."

அன்று சாயங்காலம் நெத்திலி வதக்கிக்கொண்டிருந்தாள். "இங்க வா." அச்சு அசல் வீரம்மா குரல். பிள்ளையாகத்தான் இருக்கும். இல்லை, அக்காவாகவே இருந்துவிட்டால்? இருக்கட்டுமே, என் அக்காதானே! அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள்.

ஈரத் துணிகளுக்குக் கீழே, சிமெண்டுத் தரையில் ஒருக்களித்துக் கிடந்தாள் தினேஸ்வரி. வீரம்மா விழுந்து கிடந்ததும் அப்படித்தான். குமுதா எதுவும் கேட்கவில்லை. தானும் பக்கத்தில் அதே மாதிரி படுத்துக்கொண்டாள். கொடியிலிருந்து தண்ணீர் இருவர் மேலும் சொட்டியது.

"ஒரே வாட்டியில வந்துட்டீங்க" என்றாள் பிள்ளை.

"ஆமாடா தங்கம்."

"அன்னைக்கு அம்மாவும் கொல்லையிலேருந்து ஒரே வாட்டிதான் கூப்பிட்டாங்க, சித்தி. இன்னொரு வாட்டி கூப்பிட்டாத்தான் போகணும்னு அவங்கதானே சொன்னாங்க? நான் உள்ளயே உக்காந்திருந்தேன்."

குமுதா அவளை இழுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அழுகை பீறிட்டு வந்தது.

"நானும் அப்படித்தான்டா இருந்தேன். நீ கூப்பிட்டப்பல்லாம்."