போல்ட் துளையில் தேங்கிய தண்ணீர்

டாக்டர் அந்த என்ஜினை உடைத்தபோது சிரித்துக்கொண்டிருந்தார்.

பட்டறையில் அவரை எல்லோரும் டாக்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். நீளமான ஸ்க்ரூடிரைவரின் பிடியைக் காதில் வைத்து, முனையை என்ஜின்மேல் ஊன்றி, கண்ணை மூடிக்கொண்டு நோய் கண்டுபிடிப்பதால் வந்த பட்டம். பாதி நேரம் சரியாகச் சொல்வார். மீதி நேரம், "நோயாளி ஒத்துழைக்கல" என்பார்.

அன்று மேசைக்கு வந்திருந்த நோயாளி மச்சானின் லாரி. மச்சான் என்றால் மனைவியின் தம்பி. டாக்டர் தூக்கி வளர்த்த பையன். இப்போது டாக்டரைவிட அரை அடி உயரம். என்ஜின் பிளாக்குக்கும் அதன்மேல் மூடும் ஹெட்டுக்கும் நடுவில் இருக்கிற தகடு, ஹெட் கேஸ்கெட், போய்விட்டது, மாற்ற வேண்டும். டாக்டருக்குக் கண்ணை மூடிக்கொண்டு செய்கிற வேலை. அப்படிச் செய்ததுதான் தப்பாகப் போயிற்று.

என்ஜின் பிளாக்கில் ஹெட் போல்ட் இறங்கும் துளைகளுக்கு அடியில் வழி கிடையாது. கிணறு மாதிரி. பிளாக்கைக் கழுவினால் அதில் தண்ணீர் தேங்கும். காற்றுக்குழாயால் ஒவ்வொரு துளையையும் ஊதிக் காய வைத்துவிட்டுத்தான் போல்ட்டை இறக்க வேண்டும். இதைப் பக்கத்துப் பட்டறைக்காரர்களுக்குக்கூட அவர் கேட்காமலே உபதேசம் செய்வார். அன்றும் ஊதினார். ஊதிக்கொண்டே, மச்சான் வண்டி பழகிய முதல் நாள் பின்னால் எடுக்கிறேன் பேர்வழி என்று சொந்த வீட்டுச் சமையலறைச் சுவரைத் தள்ளிய கதையைச் சொன்னார். சுவர் விழுகிற கட்டத்தை நடித்துக் காட்ட இரண்டு கையும் வேண்டியிருந்தது. குழாயைக் கீழே வைத்தார். மறுபடி எடுக்கும்போது, மூலைத் துளையை ஊதியாயிற்று என்று மனசு சொன்னது. மனசை நம்பினார்.

தண்ணீரை நசுக்க முடியாது. போல்ட் இறங்க இறங்க, போக்கிடம் இல்லாத தண்ணீர் சுற்றியிருக்கும் இரும்பை நெட்டித் தள்ளும். மூலைப் போல்ட்டின் கடைசித் திருகலில் 'டிக்' என்றது. அளவாக இறுகியதும் போல்ட்டை முறுக்குகிற அளவு ஸ்பேனரும் 'டிக்' என்றுதான் சொல்லும். ஆனால் ஸ்பேனர் சொன்னால் உள்ளங்கையில் தெரியும். இது இரும்புக்குள்ளிருந்து வந்தது.

"என்ன மாமா, நின்னுட்டீங்க?"

"ஒண்ணுமில்ல. இறுகிடுச்சு."

லாரி கிளம்பிப் போனது. சில நாளில் மச்சான் போன் பண்ணினான். "மாமா, ரேடியேட்டர்ல தண்ணி குறையுது. கீழ ஒரு சொட்டு ஒழுகல. எங்கதான் போகுதோ தெரியல."

"மூடி லூசா இருக்கும்டா. மாத்து."

மாற்றினான். பிறகு டாக்டர் சொன்னபடி ரப்பர் குழாயை மாற்றினான். தண்ணீர் குறைந்துகொண்டே இருந்தது. மலைப்பாதையில் போகிற லோடு ஒன்றுக்குச் சரி சொல்லிவிட்டதாக அடுத்த போனில் சொன்னான். அதைக் கேட்டதிலிருந்து டாக்டருக்குச் சோறு இறங்கவில்லை.

"தட்டையே பாத்துட்டு இருந்தா ஆச்சா? சாப்பிடுங்க" என்றாள் மனைவி.

"ஏம்மா, நான் நல்ல மெக்கானிக்தானே?"

"உங்களுக்கு என்னங்க குறைச்சல்" என்று சொல்லிவிட்டு அவள் குழம்புக் கரண்டியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அது பதில் இல்லை என்று அவருக்குத் தெரியும். இருபது வருஷமாக அவள் நினைப்பதைச் சொல்லாமல் இருப்பதில்தான் குடும்பம் ஓடுகிறது.

மலையேற்றத்தில் தண்ணீர் தீர்ந்து என்ஜின் இறுகிவிட்டால்? இறக்கத்தில் என்ஜின் கைவிட்டால் அத்தனை பாரத்தையும் பிரேக் மட்டும் எவ்வளவு தூரம் தாங்கும்? டாக்டர் போனை எடுத்தார். "லோடு ஏத்தாத. வண்டிய இங்க கொண்டு வா."

வந்தது. ஆயில் கம்பியை உருவிப் பார்த்தார். கறுப்பாக இருக்க வேண்டிய ஆயில் பால் கலந்த காப்பி நிறத்தில் இருந்தது. ரேடியேட்டர் வாயில் கைப்பம்பை மாட்டி அழுத்தம் ஏற்றினார். முள் மெதுவாக இறங்கியது. வெளியே எங்கேயும் ஈரம் இல்லை. தண்ணீர் உள்ளேயே ஆயிலுக்குள் போகிறது.

"பிளாக்ல விரிசலா இருக்கலாம்" என்றார்.

"எப்படி மாமா வரும்?"

இங்கேதான் டாக்டர் வாயை மூடியிருக்க வேண்டும். "பல காரணம் இருக்கு. தண்ணி இல்லாம ஓடிக் கொதிச்சா வரும். குளிர்ல உள்ளே இருக்கிற தண்ணி உறைஞ்சா வரும். கொதிக்கிற இரும்புல பச்சத் தண்ணி ஊத்தினா படார்னு வரும். நீ எங்கயாவது ஊத்தினியா?"

கேட்டுவிட்டு அவரே தரையைப் பார்த்தார்.

மச்சானின் முகம் சின்னதாகிப் போனது. "ஒரு தடவ ஊத்தினேன். ஓரங்கட்டி, ஆறட்டும்னு நின்னுட்டுத்தான் ஊத்தினேன். சரியா ஆறலையோ என்னமோ."

"ம்" என்றார் டாக்டர். வாழ்க்கையில் அவர் பேசிய மிகக் குறைந்த பேச்சு அதுதான். மிகக் கேவலமானதும் அதுதான்.

என்ஜினைப் பிரித்து பிளாக்கைச் சோதனைக்கூடத்துக்குக் கொண்டுபோக இரண்டு நாளாயிற்று. அந்த இரண்டு நாளும் மச்சான் கூடவே நின்று, "அவசரப்பட்டுட்டேன் மாமா" என்று சொல்லிச் சொல்லி நட்டுகளைக் கழற்றினான். டாக்டர் ஒரு கதையும் சொல்லவில்லை.

சோதனைக்காரர் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிய மனிதர். பிளாக்கின் மேல்பரப்பை எண்ணெய்ப்பசை போகத் துடைத்தார். இரட்டைக்கால் காந்தத்தை அதன்மேல் வைத்து, மெல்லிய இரும்புத் தூளைத் தூவி, லேசாக ஊதினார். மற்ற இடத்துத் தூளெல்லாம் பறந்துவிட்டது. மூலைப் போல்ட் துளையிலிருந்து தண்ணீர்ப்பாதை வரை மட்டும் ஒரு கோடு, எறும்புச் சாரை மாதிரி, அப்படியே ஒட்டிக்கொண்டு நின்றது.

"விரிசல ஆணி வச்சுத் தைக்க முடியுமா?" என்றார் டாக்டர்.

"போல்ட் பிடிக்கிற இடம். தைச்சாலும் நம்பி மலை ஏற முடியாது. வேற பிளாக் பாருங்க."

"பச்சத் தண்ணி ஊத்தினதுல வந்ததா சார்?" என்று கேட்டான் மச்சான்.

சோதனைக்காரர் டாக்டரை ஒரு தடவை பார்த்தார். கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். "எனக்குக் கோடு தெரியும் தம்பி. யாரு போட்ட கோடுன்னு தெரியாது" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார். தப்பிக்க அவர் வழி விட்டிருந்தார். லாரியே போகிற அளவுக்கு அகலமான வழி.

டாக்டர் அந்த வழியில் இரண்டடி நடந்தும் பார்த்தார். பிறகு திரும்பி, "அந்தத் துளைய நான் ஊதல. தண்ணியோட போல்ட்ட முறுக்கிட்டேன். அப்பவே சத்தம் கேட்டுச்சு" என்றார்.

மச்சான் கோட்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"கோவமாடா?"

"அதெல்லாம் இல்ல மாமா."

பிளாக்கை வாடகைக்கு எடுத்து வந்திருந்த சின்ன வண்டியில் ஏற்றிக் கயிறு கட்டினார்கள். முடிச்சுப் போடும்போது மறுபடி கேட்டார். "இல்லன்னு சொல்றேன்ல" என்றான். பாதி வழியில் சிவப்பு விளக்கில் நிற்கும்போது மூன்றாம் தடவை கேட்டார். "உங்க அக்காவும் இப்படித்தான், குழம்புக் கரண்டிய எடுத்துட்டு உள்ள போயிடுவா. நீயாவது நேரா ஒண்ணு சொல்லுடா."

விளக்கு பச்சையானது. பின்னால் வந்தவர்கள் ஹாரன் அடித்தார்கள். மச்சான் வண்டியை எடுக்கவில்லை.

"ஊதாம விட்டதுக்குக் கோவம் இல்ல மாமா. அது யாருக்கும் வரும். ரெண்டு நாளா நான்தான் கெடுத்தேன்னு பைத்தியம் மாதிரி புலம்பிட்டு இருந்தேன். என் பொண்டாட்டிகிட்டப் போய் என் புத்தியச் செருப்பால அடிக்கணும்னு சொன்னேன். நீங்க பக்கத்துல நின்னு ஸ்பேனர் எடுத்துக் குடுத்தீங்க. அதுக்குத்தான் கோவம், நிறைய இருக்கு. புது பிளாக்க வேற பட்டறைல மாட்டிக்கிறேன். வீட்டுக்கு எப்பவும் போல வாங்க, சாப்பிடுங்க, அந்தச் சுவர் கதைய நூறு தடவ வேணும்னாலும் சொல்லுங்க. என் வண்டிய மட்டும் இனிமே தொடாதீங்க."