அழித்த மஞ்சள் விளக்கு

அக்கா அப்பாவை டயாலிசிஸுக்கு அழைத்துக்கொண்டு கிளம்பிய பத்தாவது நிமிடம் மழை பிடித்துக்கொண்டது. ஜன்னலை மூடினேன். திறந்தேன். மறுபடியும் மூடினேன்.

ஆறு நாட்களாகக் காரின் டாஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. சின்னக் கார் படம், அதன் பின்னால் நெளிநெளியாக இரண்டு கோடுகள். துணைக்கு, பிரேக் அடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் காக்கிற ஏபிஎஸ்ஸின் விளக்கும். கார் படம் ட்ராக்‌ஷன் கண்ட்ரோலுக்கு உரியது. அது, ஈரச் சாலையில் சக்கரம் வழுக்கினால் இன்ஜினை அடக்கி வண்டியைப் பிடித்துக்கொள்கிற ஏற்பாடு. வழுக்கும் நேரத்தில் விளக்கு மினுக்கினால் அது வேலை செய்கிறது. விடாமல் எரிந்தால் கையை விரித்துவிட்டது. எங்களுடையது விடாமல் எரிந்தது.

வாரம் மூன்று நாள் அப்பாவைக் கொண்டுபோவது என் பொறுப்பு. நைட் ஷிஃப்ட் வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவனை நம்பி வீட்டில் கொடுத்தது அது ஒன்றுதான். ஆனால் உடம்பு இன்னும் ஷிஃப்டில்தான் இருக்கிறது. விடிந்த பிறகுதான் கண் சொருகும். போன தடவை சிக்னலில் தூங்கிவிட்டேன். பின்னால் ஹாரன் அடித்து எழுப்பினார்கள். அப்பா அதை அக்காவிடம் போட்டுக்கொடுத்துவிட்டார்.

"இன்னைக்கு நான் ஓட்டறேன்," என்றாள் அக்கா. "ஆனா அந்த லைட் எரிஞ்சா வண்டியத் தொடமாட்டேன். சரி பண்ணிட்டியா?"

"பண்ணிட்டேன்."

பண்ணவில்லை. மெக்கானிக்கிடம் தீப்பெட்டி அளவு ஸ்கேனர் ஒன்றை வாங்கிவந்து, ஸ்டீயரிங்குக்குக் கீழே சொருகி, பதிவாகியிருந்த கோளாறை அழித்திருந்தேன். முன் இடது சக்கர சென்சார் என்று காட்டியது. விளக்கு அணைந்தது. சென்சார் அப்படியே கிடந்தது. தெர்மாமீட்டரை உதறிவிட்டுக் காய்ச்சல் போய்விட்டது என்பது மாதிரி.

அக்காவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. ஓட்டும்போது போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்துவிடுவாள். அப்பாவுக்கு அடித்தேன். அவருடைய போன் கட்டிலில், தலையணைக்கு அடியில் அலறியது.

மெக்கானிக்குக்கு அடித்தேன்.

"அண்ணே, சென்சார் போன வண்டியில ஃபால்ட்டை மட்டும் அழிச்சா என்ன ஆகும்?"

"அழிச்சிட்டியா? சும்மா பாக்கத்தான்னு சொல்லித்தானடா வாங்கிட்டுப் போன?"

"சொல்லுங்கண்ணே."

"வண்டி நகர்ந்ததும் நாலு சக்கரத்தையும் விசாரிக்கும். ஒண்ணு பதில் சொல்லலேன்னா லைட்டைப் போட்டுரும். வயர் சுத்தமா அறுந்திருந்தா தெருமுனையிலேயே."

"விட்டு விட்டுத் தொட்டுக்கிட்டு இருந்தா?"

"அப்ப எப்ப வேணா. குழியில எறங்குறப்ப, பிரேக் அடிக்குறப்ப. ஏபிஎஸ்ஸுக்கும் அதே சென்சார்தான் தம்பி, அதுவும் சேர்ந்து படுத்துக்கும். பிரேக் இருக்கும். ஆனா மழையில ஓங்கி மிதிச்சா சக்கரம் பூட்டிக்கிட்டு இழுத்துட்டுப் போயிரும். யாரு ஓட்டறா?"

"அக்கா."

"லைட் எரிஞ்சிருந்தா நிதானமாவாவது போயிருக்கும் அந்தப் பொண்ணு. அதையும் புடுங்கிட்ட."

அறையின் நீளம் எட்டு அடி எடுத்து வைத்தால் முடிந்துவிடுகிறது. நடந்துகொண்டே இருந்தேன். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் ஒரு பாலம். ஏறி இறங்குகிற இடத்தில் கொண்டை ஊசி மாதிரி வளைவு. அக்கா மெதுவாக ஓட்டுகிற ஆள் இல்லை. விளக்கு எரியட்டும் என்று நினைத்தேன். எரிந்தால் நான் புளுகியது தெரிந்துபோகும். தெரியட்டும். எரிந்து தொலையட்டும்.

டயாலிசிஸ் பிரிவுக்கு அடித்தேன். "இன்னும் வரலைங்க, பெட் ரெடியா இருக்கு," என்றார் நர்ஸ்.

வைத்ததும் போன் அடித்தது. அக்கா.

"எரியுதுடா."

"எங்க இருக்க?"

"பாலத்துக்கு முன்னாடி. ஓரமா நிறுத்திட்டேன். ரெண்டு லைட்டும் எரியுது. நீ சரி பண்ணலைல்ல?"

புதுசா வந்திருக்கும் என்று ஒரு பொய் நாக்கு நுனியில் தயாராக இருந்தது.

"பண்ணல. லைட்டை மட்டும் அழிச்சேன்."

பின்னாலிருந்து அப்பாவின் குரல் கேட்டது. "என்னவாம் துரைக்கு?"

"தூங்கினாக்கூட மன்னிச்சிருப்பேன்டா," என்றாள் அக்கா. "முழிச்சிருந்து பண்ணியிருக்க."

"நான் வந்து வண்டிய எடுத்துட்டுப் போய்..."

"வேணாம். டாக்ஸி சொல்லிட்டேன். சாவிய மெக்கானிக் வந்து என்கிட்ட வாங்கிக்கட்டும். இனிமே அப்பாவ நீ கூட்டிட்டுப் போக வேணாம்."

வைத்துவிட்டாள்.

மெக்கானிக்கிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டு பஸ் ஏறிப் பாலத்துக்குப் போனேன். சாவி இல்லாமல் போய் என்ன செய்வது என்று யோசிக்கவில்லை. வீட்டில் இருக்க முடியவில்லை, அவ்வளவுதான். கார் பூட்டிக் கிடந்தது. மழையில் மண்டியிட்டு முன் இடது சக்கரத்துக்குப் பின்னால் பார்த்தேன். சென்சார் வயர் கிளிப்பிலிருந்து கழன்று, டயரில் உரசி, செப்புக் கம்பி வெளியே தெரிந்தது. கையை விட்டால் எட்டியது. இதற்கு ஸ்கேனரே வேண்டாம். ஆறு நாளில் நான் ஒரு தடவைகூடக் குனிந்து பார்க்கவில்லை.