பதினெட்டாவது தந்திரக் காட்சி

நாச்சிமுத்து முதலாளிக்குத் தெரிந்த உலகத்தில் மனிதர்கள் இரண்டே வகை. தந்திரக் காட்சியைப் பார்த்து வாய் பிளந்தவர்கள், இன்னும் பிளக்காதவர்கள். இரண்டாம் வகையாரைக் கடைத்தேற்றத்தான் திண்டுக்கல்லுக்கு வெளியே, வத்தலக்குண்டு ரோட்டோரம், முருகன் தன்னை ஒரு டென்ட் கொட்டகை போட வைத்தான் என்று அவர் மனதார நம்பினார். கதை, பாட்டு, நடிப்பு எல்லாம் அவருக்கு வெஞ்சனம். தந்திரக் காட்சிதான் சோறு.

ஐம்பத்தேழில் அவர் கொண்டு வந்த படத்தில் அப்படிப்பட்ட காட்சிகள் பதினேழு என்று நோட்டீஸ் சொன்னது. ‘இந்தியாவிலேயே இதுவரை எவரும் கண்டிராதவை’ என்றும் சொன்னது. எவரும் கவனிக்காமல் போய்விடக் கூடாதே என்று, ஒவ்வொரு தந்திரக் காட்சிக்கும் முன்னால் முதலாளியே ஒரு பழைய பள்ளிக்கூட மணியை எடுத்து அடித்தார். அடித்துவிட்டுத் திரைக்கு முதுகைக் காட்டி, ஜனங்களைப் பார்த்தபடி நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார். படம் பார்க்கிறவர்களின் முகங்கள்தான் அவர் பார்க்கும் படம்.

முதல் நாள் ராட்சத நாகம் கடலிலிருந்து எழுந்தது. மணி அடித்தது. பெண்கள் பக்கம் மணலைக் குவித்து மேலே உட்கார்ந்திருந்த சேவுகம்பட்டிக் கண்ணம்மாள் சத்தமாகவே சொன்னாள்.

“ஏத்தா, பாம்புக் கழுத்துல கயிறு தெரியுது பாரு.”

“கயிறு இல்லாட்டி அது எப்படி நிக்கும்? நீ முறுக்கத் தின்னு” என்றாள் பக்கத்தில் இருந்தவள்.

முதலாளியின் முகம் சுருங்கிப் போனது.

மேலே, தகரம் அடித்த அறைக்குள் புரொஜெக்டரோடு நின்றிருந்த ஆப்பரேட்டர் அந்தோணிமுத்துவுக்கு நாகமும் தெரியவில்லை, கயிறும் தெரியவில்லை. அவன் மனைவி புஷ்பமேரியை மத்தியானம்தான் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தான். கை மெஷினில் இருந்தது, மனசு பிரசவ வார்டு வாசலில் நின்றது. இதற்கு முன் இரண்டு கொட்டகைகளில் வேலை போய்விட்டது. ஒன்றில் பிலிம் எரிந்தது, இன்னொன்றில் கொட்டகையே எரிந்தது. இதுவும் போனால் திண்டுக்கல் வட்டாரத்தில் அவனை யாரும் மெஷின் பக்கம் விடமாட்டார்கள். பிள்ளை வேறு வரப்போகிறது.

ஒரே மெஷின் என்பதால், ஒரு சுருள் ஓடி முடிந்ததும் இடைவேளை விட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். மூன்றாவது சுருளில் இளவரசனின் தாய் நாகம் தீண்டிச் செத்தாள். நான்காவதில் அவன் தவம் செய்தான். மணி அடிக்க, மின்னலுக்குள்ளிருந்து தேவி தோன்றி, “நீ வேண்டியதைத் தந்தேன்” என்று சொல்லி மறைந்தாள். இடைவேளை முடிந்ததும், பக்கத்தில் மிச்சம் இருந்ததில் கைக்கு வந்ததை அந்தோணிமுத்து மாட்டினான்.

திரையில் ஒரு குடிசை. அடுப்படியில் தாய்.

அந்தோணிமுத்து காலி டப்பாவில் எழுதியிருந்த நம்பரைப் பார்த்தான். அது இரண்டாவது சுருள். தாய் சாவதற்கு முன்னால் வர வேண்டியது. முதல் இடைவேளையில் அதை விட்டுவிட்டு மூன்றாவதை மாட்டியிருக்கிறான்! அது இல்லாததை அப்போது யாரும் கேட்கவில்லை, அவன் உட்பட. தேவி கொடுத்த வரம் ஒரு வாள். அந்த வாள் ஐந்தாவது சுருளில் தூங்கிக்கொண்டிருந்தது.

“மாதாவே” என்று மெஷினைப் பிடித்துக்கொண்டான். நடுவில் நிறுத்தினால் மானம் போகும். ஓட்டினால் வேலை போகும்.

திரையில் இளவரசன் வாசலில் வந்து நின்றான். தாய் திரும்பிப் பார்த்தாள். “இவ்வளவு நேரம் எங்கே சுற்றினாய்? கையைக் கழுவிக்கொண்டு வா” என்றாள். இலையைப் போட்டாள்.

 பெண்கள் பக்கம் ஒரு குரல் உடைந்தது.

“அடியே, ஆத்தா திரும்பி வந்துட்டாடி!”

ஒருத்தி குலவை போட்டாள். நாலு பேர் சேர்ந்துகொண்டார்கள். ஆண்கள் பக்கம் பீடிகள் அணைந்தன. துண்டுகள் முகத்துக்குப் போயின. திரைக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்த நாச்சிமுத்து, இத்தனை வருஷமாகக் காத்திருந்த முகங்களை அன்றைக்குத்தான் கண்டார். அத்தனை வாயும் பிளந்திருந்தன. பதறித் திரும்பினார். ஒரு பொம்பளை ரசம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றும் விளங்கவில்லை. இருந்தாலும் கடமை தவறக் கூடாதென்று மணியை எடுத்து ஓங்கி அடித்தார்.

கடைசிச் சுருளில் தாய் வரவே இல்லை. அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. “சண்டை போடுற எடத்துல அவளுக்கென்ன வேல? வீட்டுல இருப்பா” என்று ஜனங்களே கதையைச் செப்பனிட்டுக்கொண்டார்கள்.

படம் விட்டதும் முதலாளி ஏணியில் ஏறி வந்தார்.

“ஏலே அந்தோணி, நோட்டீஸ்ல பதினேழுதானே போட்டிருக்கு?”

“முதலாளி, அது வந்து...”

“மெட்ராஸ்காரன் ஒண்ண மறைச்சு வச்சிருக்கான்லே! செத்தவள எழுப்புறதுன்னா லேசுப்பட்ட தந்திரமா? எப்படித்தான் எடுத்தானோ!”

சொல்ல வந்த உண்மையை அந்தோணிமுத்து எச்சிலோடு விழுங்கினான். விடிவதற்குள் புஷ்பமேரிக்குப் பெண் குழந்தை பிறந்தது. அதே காலையில் தட்டுவண்டியில் கொட்டு முழங்க, ‘இறந்த தாய் எழுந்து வரும் பதினெட்டாவது தந்திரக் காட்சி’ ஊரைச் சுற்றிவந்தது.

குழந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு வந்தவனுக்கு இனிமேல் எல்லாவற்றையும் ஒழுங்காகச் செய்ய வேண்டும் என்று தோன்றிவிட்டது. இப்படித் தோன்றும் நாட்களில்தான் மனிதனுக்குப் பெரிய ஆபத்துகள் வருகின்றன. அன்று சாயங்காலம் சுருள்களைச் சரியான வரிசையில் அடுக்கி, சரியாகவே ஓட்டினான்.

சேவுகம்பட்டியிலிருந்து வண்டி கட்டி வந்திருந்தார்கள். கன்னிவாடிக்காரர்கள் மலையடிவாரத்திலிருந்து நடந்தே வந்திருந்தார்கள். தாய் செத்தாள். தேவி வந்தாள். எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தார்கள். இளவரசன் கையில் ஒரு வாள் வந்தது. அந்த வாளிலிருந்து தீ பறந்தது, மலை பிளந்தது, நாகம் மூன்று துண்டானது. மணி விடாமல் அடித்தது. ‘சுபம்’ போட்டாயிற்று.

“எங்கடா எங்க ஆத்தா?”

முதல் பிடி மணல் திரைமேல் விழுந்தது.

“கத்தியக் காட்டி ஏமாத்துறீங்களாடா? ஆத்தாள வெளிய விடுங்கடா!”

முதலாளி இரண்டு இரண்டு படியாக ஏணியில் ஏறினார். இந்த முறை அந்தோணிமுத்து எல்லாவற்றையும் கொட்டிவிட்டான். 

“அப்ப அது தந்திரமே இல்லியா?”

“இல்ல முதலாளி. ஒரு அம்மா மகனுக்குச் சோறு போடுறா. அம்புட்டுத்தான்.”

“ஊர் பூரா தமுக்கடிக்க விட்டு என்னைக் கோமாளியாக்கிட்டியேலே. கெளம்பு. நாளையிலருந்து இந்தப் பக்கம் உன்னப் பாக்கக் கூடாது.”

அந்தோணிமுத்து சட்டையை எடுத்து மாட்டினான். பொத்தானுக்குத் துளை அகப்படவில்லை. அப்போது கீழே ஏணியடியில் கண்ணம்மாள் வந்து நின்றாள். இடுப்பில் ஒரு கத்தரிக்காய் மூட்டை.

“மிசினு ஓட்டுற தம்பி யாரு?”

“என்னம்மா வேணும்?” என்றார் முதலாளி.

“ஒண்ணும் வேணாம் அப்பு. எங்க காட்டுல வெளஞ்சது, தம்பிக்குக் குடுக்கலாம்னு. எங்காத்தா தையில போயிட்டா. நான் சந்தையில காய் வித்துக்கிட்டு இருக்கேன், அவ வீட்டுல உசுர விட்டுட்டா. மொகங்கூட பாக்கல. நேத்து அந்தப் பொம்பள ‘எங்கடி சுத்துன, கையக் கழுவிட்டு வா’ன்னாளா... எங்காத்தா வைஞ்ச மாதிரியே இருந்துச்சு. ராத்திரி போயி வயிறு நெறையத் தின்னேன். தையில இருந்து அப்படித் தின்னதில்ல.”

முதலாளி தொண்டையைச் செருமினார்.

“சரி, அந்த நாகம் எப்படி இருந்துச்சு? கடலப் பொளந்துட்டு வந்துச்சே?”

கண்ணம்மாள் மரியாதைக்காகக் கொஞ்சம் யோசித்தாள்.

“பாம்பா? ஆமா... ஒண்ணு வந்துச்சுல்ல.”

மெட்ராஸில் எத்தனையோ பேர் எத்தனையோ மாதம் கயிறு கட்டி எழுப்பிய நாகம் அந்த ஒரு வாக்கியத்தில் படுத்துவிட்டது. நாச்சிமுத்து கூட்டத்தைப் பார்த்தார். ஒருவரும் எழுந்து போகவில்லை. மணலில் அப்படியே உட்கார்ந்து வெள்ளைத் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

“ஏலே, எங்க போற?”

“நீங்கதானே முதலாளி...”

“நான் ஆயிரஞ் சொல்லுவேன். அந்தச் சுருள எடுத்து மாட்டு. அவுகளுக்கு ஆத்தாளக் காட்டு.”

அந்தோணிமுத்துவுக்குக் கண் கலங்கியது. ‘சுபம்’ ஆன பிறகு அன்றைக்குத் தாய் இன்னொரு முறை வந்து இலை போட்டாள். குலவை ரோட்டைத் தாண்டிக் கேட்டது. சுருள் ஓடும்வரை அவனும் ஓட்டை வழியே பார்த்தான், முதல் தடவையாக முழுசாக. ரசம் ஊற்றுகிற அந்த முகம் தெரியாத நடிகைக்கும், கத்தரிக்காய் மூட்டைக்கும், மனசு மாறிய முதலாளிக்கும், கீழே குந்தியிருந்த அத்தனை பேருக்கும் வாய்க்குள்ளேயே நன்றி சொன்னான்.

மறுநாளிலிருந்து படம் தப்பான வரிசையிலேயே ஓடியது. நான்காவது நாள், நாகம் எழுவதற்குச் சற்று முன்னால், முதலாளி ஏணியில் பாதி ஏறி உள்ளே தலையை நீட்டினார். நாற்காலியைத் திரையைப் பார்க்கத் திருப்பிப் போட்டுவிட்டு வந்திருந்தார்.

“அந்தோணி, பாம்பு வந்து போறதுக்குள்ள ஒரு டீ குடிச்சிட்டு வாரேன். மணிய நீயே அடிச்சுக்க.”

“சரி முதலாளி.”

“அம்மா வரப்போறப்ப ஒரு சத்தம் குடு. மறந்துறாதலே.”