ஈரத் துணியும் லாரி முடிச்சும்

அந்தக் கோடையில் எங்கள் தெருவில் நிழல்கள் வெளியே வருவதையே நிறுத்திவிட்டன. காலை ஒன்பது மணிக்கெல்லாம் ஆளை மட்டும் அனுப்பிவிட்டு நிழல் வீட்டிலேயே உட்கார்ந்துகொள்ளும். எதிர்வீட்டுத் தையல்காரர் ஒரு நாள் தன் நிழலைக் கட்டாயப்படுத்தி இழுத்துக்கொண்டு போனார். திரும்பி வரும்போது அது இரண்டு அங்குலம் சுருங்கியிருந்தது. அவருடைய டேப்பை வாங்கி நானே அளந்து பார்த்தேன். அளவு விஷயத்தில் நான் பொய் சொல்வதில்லை.

அப்படிப்பட்ட கோடையில்தான் என் மனைவியின் வலது தோள் இறுகிப்போனது.

அவள் ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகளைத் துவைத்து அனுப்பும் சலவைக்கூடத்தில் இருபத்துநான்கு வருஷமாக இஸ்திரி போடுகிறவள். மூட்டு இறுகிவிட்டது, தானாக இளக ஒரு வருஷம் ஆகலாம், இளகாமலும் போகலாம் என்று டாக்டர் சொன்னார். அதைச் சொல்லப் படம் எல்லாம் எடுத்தார். கை தாடை வரை வரும். அதற்கு மேல் போகாது. சாப்பிடலாம், இஸ்திரி போடலாம், என்னைப் பார்த்து விரலை ஆட்டலாம். தலை மட்டும் எட்டாது.

தலை எட்டாவிட்டால் என்ன என்று கேட்பவர்கள் அவள் கூந்தலைப் பார்க்காதவர்கள். இடுப்புக்குக் கீழே நாலு விரல். அடர்த்தி என்றால், ஒரு தடவை அதில் சீப்பைத் தொலைத்துவிட்டு மூன்று நாள் வீடு முழுக்கத் தேடினோம். இத்தனை முடியையும் வைத்துக்கொண்டு ஆவி அடிக்கும் இஸ்திரி மேசையில் அவள் எப்படி நின்றாள் என்றால், எல்லாம் ஒரு நீல ஸ்கார்ஃபின் உபயம். பருத்தித் துணி, முழ அகலம், இரண்டு கை நீளம். காலையில் அதைத் தண்ணீரில் முக்கிப் பிழிவாள். சாதாரண வெயிலுக்கு முடியைக் கொண்டை போட்டு மேலே சுற்றி, காதோரம் முடிச்சு. கொஞ்சம் கூடுதல் வெயிலுக்குப் பட்டையாக மடித்து நெற்றியிலிருந்து பிடரிக்கு இறக்கிக் கட்டுவாள். நெருப்பு வெயிலுக்கு ஒன்று உண்டு. பின்னலின் மூன்று பிரியில் ஒரு பிரியாக ஈரத் துணியையே சேர்த்துப் பின்னி, அதை உச்சியில் வளையமாகச் சுற்றி, நுனிகளை முடிந்துவிடுவாள். பிடரி காலியாக இருக்கும். துணியிலிருந்து சாயங்காலம் வரை குளிர்ச்சி இறங்கும். எல்லாம் ஒரு நிமிஷ வேலை. நான் செருப்பைத் தேடி முடிப்பதற்குள் அவள் தலையை முடித்துவிடுவாள்.

தோள் போன பிறகு முதல் வாரம் என் கொழுந்தியாள் கட்டிவிட்டாள். அடுத்த வீட்டில்தான் இருக்கிறாள், அதே கூடத்தில் துணி மடிக்கிறாள். நல்லவள்தான். ஆனால் கட்டும்போதெல்லாம் அக்காள் காதுக்குள் ஒரே பாட்டு. வெட்டிவிடு, இந்த வயசில் யாருக்குக் காட்டப்போகிறாய், கழுத்தோடு வெட்டினால் காற்றாவது படும். ஏழாவது நாள் என் மனைவி வேண்டாம் என்று அவளை அனுப்பிவிட்டாள். அன்று சாயங்காலம் ஜன்னலைப் பார்த்தபடியே, சனிக்கிழமை சாயங்காலம் வெட்டிக்கொள்ள வருவதாகப் பார்லர்காரம்மாவிடம் சொல்லியிருக்கிறேன் என்றாள். சொல்லிவிட்டு நீலத் துணியை எடுத்துப் போய் நனைத்து வந்தாள். நனைத்ததை என்ன செய்வது என்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பாவாடையெல்லாம் ஈரமாகும்வரை வைத்திருந்தாள்.

அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் வாயைத் திறந்தேன்.

“நான் கட்டிவிடறேன்.”

“இது லாரி இல்லைங்க.”

“லாரியைவிடச் சின்னதுதானே.”

அவள் யோசித்தாள். பிறகு கெடு சொன்னாள்.

“வியாழன், வெள்ளி, ரெண்டு நாள். சாயங்காலம் வரைக்கும் நின்னுதுன்னா சனிக்கிழமை போகல.”

லாரி என்று அவள் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. முப்பத்தொரு வருஷம் நான் சரக்கு லாரிகளுக்குத் தார்ப்பாய் கட்டினவன். நான் கட்டின லாரி ஒன்று மலைப்பாதையில் மூன்று தடவை உருண்டு, நாலாவது தடவை சக்கரத்தில் நின்றது. உள்ளே நாற்பது பெட்டி கண்ணாடி டம்ளர். ஒன்றில்கூட விரிசல் இல்லை. டிரைவர்தான் வழியில் விழுந்துவிட்டார். அவரை நான் கட்டவில்லை.

இருந்தாலும் வியாழக்கிழமை நான் தொழிலைக் காட்டவில்லை. பெண்பிள்ளை தலை என்று பயந்து, பூப்போலச் சுற்றி, பட்டும் படாமல் முடிந்து அனுப்பினேன். சாயங்காலம் அவள் வரும்போது முடி முதுகெல்லாம் ஒட்டிக்கிடந்தது. கழுத்தைச் சுற்றிச் சிவப்பாகத் தடித்திருந்தது. பத்து மணிக்கே அவிழ்ந்துவிட்டதாம். அள்ளி மேலே போடக் கை வரவில்லை, யாரையும் கூப்பிடவும் மனசு வரவில்லை. ஆறு மணிநேரம் அப்படியே ஆவியில் நின்றிருக்கிறாள். கொழுந்தியாள் வாசலில் நின்று எட்டிப் பார்த்தாள்.

“மாமா கட்டினது பத்து மணிக்கு டீ குடிக்க இறங்கிடுச்சு. அப்புறம் ஏறவே இல்ல.”

என் மனைவி முகம் கழுவி வந்து எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள். பிடரியில் பவுடர் போட்டுவிட்டேன். ‘நாளைக்கு ஒரு நாள் இருக்கே’ என்றாள், ஏதோ நான் பரீட்சை எழுதப் போகிற மாதிரி.

வெள்ளிக்கிழமை காலை நான் தொழிலை எடுத்தேன். தார்ப்பாய்க்காரர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. கயிற்றை நனைத்துத்தான் கட்டுவோம். காயக் காய அது தானே இறுகும். குலுக்கல் விழ விழ இன்னும் இறுகும். முடிச்சும் தனி. நுனியை முடிச்சுக்குள்ளேயே புதைத்துவிடுவோம், வழியில் எந்தத் திருடனும் அவிழ்க்க முடியாது. என் மனைவி நெருப்பு வெயிலுக்கான கட்டுதான் வேண்டும் என்றாள். குளியலறைக்குப் போய் வாளியில் துணியை முக்கினேன். தண்ணீர் கொஞ்சம் வழவழப்பாக இருந்தது. இந்த வெயிலில் தண்ணீர்கூடச் சுண்டிவிட்டது போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். கூந்தலை இரண்டு பிரியாகப் பிரித்து, துணியை மூன்றாவதாகச் சேர்த்துப் பின்னினேன். உச்சியில் சுற்றினேன். ஒரு காலைச் சுவரில் ஊன்றி இழுத்தேன்.

“வலிக்குதா?”

“கண்ணு கொஞ்சம் மேலே போயிருக்கு. பரவாயில்ல.”

கிளம்பும்போது கண்ணாடியில் பக்கவாட்டில் பார்த்துக்கொண்டாள். நன்றாகத்தான் இருந்தது. நீலமும் கறுப்பும் மாறி மாறி, ஒரு மயிர் வெளியே இல்லை. அவள் சிரித்த மாதிரி இருந்தது. கட்டின இறுக்கத்தில் வாய் தானாகவே அப்படிப் போயிருக்கவும் கூடும்.

பகல் பன்னிரண்டு மணிக்குக் கொழுந்தியாள் மூச்சிரைக்க வந்தாள்.

“அக்கா தலையை என்னதான் பண்ணினீங்க மாமா?”

குளியலறையில் இரண்டு வாளி இருந்தன. ஒன்றில் தண்ணீர். இன்னொன்றில் கஞ்சி. சலவைக்கூடத்து மேலாளருக்கு விசில் என்று பெயர், எதற்கும் விசில்தான் ஊதுவார். இஸ்திரி மேசைக்காரர்கள் கஞ்சி போட்ட ஏப்ரனோடுதான் நிற்க வேண்டும் என்பது அவர் சட்டம். என் மனைவி முந்தின நாளே ஏப்ரனுக்காகக் கஞ்சி கரைத்து வைத்திருக்கிறாள். நான் முக்கினது அதில்.

கஞ்சித் துணிக்கு இஸ்திரிச் சூடு என்றால் கேட்க வேண்டுமா. நான் போனபோது அவள் ஓய்வறையில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். புருவம் இரண்டும் நெற்றி நடுவில் நின்றன. காலையிலிருந்து தான் எது சொன்னாலும் இவள் ஆச்சரியமாகப் பார்க்கிறாளே என்று விசில் சந்தோஷப்பட்டு, வழக்கத்தைவிட நிறையப் பேசிவிட்டாராம். தலையைத் தட்டிப் பார்த்தேன். டொக் என்றது. யாரோ கதவைத் தட்டுகிறார்கள் என்று நினைத்து ஒருத்தி எழுந்து போய்த் திறந்தும் பார்த்தாள்.

அங்கே தண்ணீருக்குப் பஞ்சமில்லை. ஊற்றினார்கள். கஞ்சி இளகியது, ஆனால் நனைந்த முடிச்சு உப்பிக்கொண்டு இன்னும் இறுகியது. சரி, காயவிடலாம் என்று விசிறினார்கள். காய்ந்ததும் உள்ளே மிச்சமிருந்த கஞ்சி மறுபடி கட்டை. நனைத்தால் ஒரு இறுக்கம், காய்ந்தால் ஒரு இறுக்கம். கிழிசல் தைக்கிறவள் கோணி ஊசியை நுழைத்தாள், ஊசி வளைந்தது. பாய்லர் மெக்கானிக் ஸ்குரூடிரைவரோடு வந்து நாலு பக்கமும் சுற்றிப் பார்த்துவிட்டு, இதுக்குப் பின்பக்கம் எதுவென்று கேட்டார். விசில் ஒரு தடவை ஊதிப் பார்த்தார்.

துணியை வெட்டிவிடலாமே என்றால், துணி தனியாக இல்லை. ஒவ்வொரு சுற்றிலும் முடியோடு முடியாகப் பின்னிக்கிடக்கிறது. எங்கே கத்தரி வைத்தாலும் முதலில் முடிதான்.

கடைசியில் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள்.

“நீங்கதானே கட்டினீங்க. அவிழ்த்துடுங்க” என்றாள் என் மனைவி.

இங்கே ஒன்று சொல்ல வேண்டும். முப்பத்தொரு வருஷத்தில் நான் ஒரு முடிச்சைக்கூட அவிழ்த்ததில்லை. எங்கள் வேலை கட்டுவது. லாரி போய்ச் சேரும் ஊரில் இறக்குகிறவர்கள் வேறு ஆட்கள். அவர்களும் அவிழ்க்க மாட்டார்கள், அரிவாளால் ஒரே போடு. அந்தக் கயிறு அப்புறம் என்ன ஆயிற்று என்று நாங்கள் கேட்டதில்லை. அவிழாத முடிச்சுக்காரன் என்று எனக்கு அவ்வளவு நல்ல பெயர் இருந்தது. அதை அவிழ்ப்பது எப்படி என்று யோசிக்க ஒரு நாள்கூடத் தேவைப்படவில்லை.

இதை அவளிடம் எப்படிச் சொல்வது. சும்மா விரலால் தடவிக்கொண்டே இருந்தேன். புதைத்த நுனியைத் தேடினேன். வீட்டுக்கு வந்தும் தேடினேன். பொழுது சாய்கிறபோது அவளுக்குத் தலைவலி தாங்கவில்லை. கண்ணோரம் நீர் வழிந்தது, அழுகை இல்லை, இழுப்புதான் என்றாள்.

“ஒரு தடவை நான் தொட்டுப் பார்க்கிறேன். என் விரலுக்குத் தெரியும்” என்றாள்.

அவள் வலது கையைப் பிடித்து மெதுவாகத் தூக்கினேன். தாடை வந்தது. கொஞ்சம் பொறுத்து இன்னும் தூக்கினேன். அவள் பல்லைக் கடித்துக்கொண்டாள். அந்த நேரம் கை மடமடவென்று மேலே போய்விட்டது, விரல்கள் முடிச்சைத் தொட்டதும் அது தானே அவிழ்ந்துகொண்டது என்று நான் எழுதலாம். நிழல் சுருங்கியதை நம்பினவர்கள் இதையும் நம்புவீர்கள். ஆனால் போகவில்லை. இடது கையை மட்டும் கொண்டுபோய் வைத்தாள். ஒற்றைக் கையால் என்ன செய்ய முடியும். விரல்கள் அந்தக் கல்லின் மேல் சுற்றிச் சுற்றி வந்துவிட்டு மடிக்கே திரும்பின.

“நல்லாத்தான் கட்டியிருக்கீங்க” என்றாள். “சாயங்காலம் வரைக்கும் நின்னுடுச்சு பாருங்க.”

கெடுவின்படி நான் ஜெயித்துவிட்டேன். அதுதான் அன்றைக்கு நடந்த பெரிய அநியாயம்.

சனிக்கிழமை சாயங்காலம் வரை காத்திருக்கவில்லை. காலையில் பார்லர் திறக்கும்போதே வாசலில் நின்றோம். பார்லர்காரம்மா சிறியதிலிருந்து பெரியது வரை மூன்று கத்தரிகளை வரிசையாக எடுத்தார். நான் எதையாவது பிடித்துக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். சும்மா அந்தப் பக்கம் உட்காருங்கள் என்றார். உட்கார்ந்தேன். பெரிய கத்தரிதான் வேலை செய்தது. வெட்டும்போது தார்ப்பாய்க் கயிறு அறுபடுகிற சத்தம் வந்தது. அந்தச் சத்தத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை. இறக்குகிற இடத்தில் நான் இருந்ததில்லை அல்லவா.

கண்ணாடியைக் காட்டினார்கள். அவள் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

“எப்படி இருக்கு? பொய் கலக்காம ஒரே ஒரு தடவை சொல்லுங்க.”

அறுபத்தெட்டு வயசு வரை பேச்சுக்கு நான் திண்டாடியதில்லை. அன்று கொழுந்தியாளின் பேச்சைத்தான் கடன் வாங்கினேன்.

“கழுத்துல காத்து படும்” என்றேன்.

அவள் தலையாட்டினாள். அது உண்மைதான். தலை ஆடியபோது பின்னால் ஒன்றும் ஆடவில்லை.

இப்போது காலையில் துணியை நனைத்துப் பிழிந்து அவள் கழுத்தில் போடுகிறேன். புதுத் துணி, மஞ்சள். எந்த வாளி என்று அவளே வந்து காட்டுகிறாள். கட்டவா என்று முதல் நாள் கேட்டேன். போட்டாலே போதும் என்றாள்.

அந்த நீல முடிச்சைப் பார்லர்காரம்மா காகிதத்தில் சுற்றிக் கொடுத்திருந்தார். அவள் வேலைக்குப் போனதும் அதை எடுத்து ஜன்னலோரம் உட்கார்ந்துகொள்கிறேன். கோணி ஊசி வைத்திருக்கிறேன், வெந்நீர் வைத்திருக்கிறேன். கொழுந்தியாள் போகும்போதும் வரும்போதும் பார்க்கிறாள், இப்போதெல்லாம் கேலி செய்வதில்லை. நேற்று என் மனைவி சீக்கிரம் வந்துவிட்டாள். நான் ஒளிப்பதற்குள் பார்த்துவிட்டாள். கோபித்துக்கொள்வாள் என்று நினைத்தேன். பக்கத்தில் உட்கார்ந்து அதை வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கையும் மடிக்கு நன்றாக எட்டின. விரலால் ஒவ்வொரு சுற்றாகத் தடவினாள்.

“எங்கேங்க ஆரம்பிச்சீங்க?”

“தெரியல” என்றேன்.