மாப்பிள்ளை பார்த்த பிரசவம்

மாமனாருக்குக் குடலிறக்க அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்ததும் வீட்டில் எழுந்த முதல் கேள்வி அவரைப் பற்றியதல்ல. ஒரு வாரத்துக்கு அவருடைய கரப்பான்பூச்சிகளை யார் பார்த்துக்கொள்வது என்பதுதான்.

மாமனார் முப்பத்தைந்து வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்றவர்கள் நாய் வளர்ப்பார்கள், ரோஜா வளர்ப்பார்கள், எதுவும் முடியாதவர்கள் தொப்பையாவது வளர்ப்பார்கள். இவர் வளர்த்தது கரப்பான்பூச்சி. அடுப்படியில் ஓடுகிற ஜாதி இல்லை. கட்டைவிரலைவிட நீளமாக, மெருகேற்றிய மரம்போலப் பழுப்பு நிறத்தில், இறக்கையே இல்லாமல், சீண்டினால் ‘உஸ்ஸ்’ என்று சீறுகிற ஜாதி. அவர் கடைசியாக லிஃப்ட் பழுதுபார்த்த கட்டடத்தில், பூச்சிகளைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்த பெண் ஒருத்தி வீட்டைக் காலி செய்துகொண்டிருந்தாள். “அங்கிள், இதுங்கள வச்சுக்கிறீங்களா?” என்று நாலு பூச்சிகளை டப்பாவோடு கையில் கொடுத்தாள். நாலு நாற்பதானது. டப்பா கண்ணாடித் தொட்டியானது. தொட்டி, வீட்டின் சின்ன அறையைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொண்டது.

மாமியார் அந்த அறைக்குள் கால் வைப்பதில்லை. “நான் உங்களுக்குத்தான் வாக்கப்பட்டேன், தொட்டிக்கு இல்ல” என்று முதல் நாளே சொல்லிவிட்டார். தவிர, அவர் ஆஸ்பத்திரியில் கூட இருந்தாக வேண்டும். ஒரே மகளுக்கோ தொட்டிப் பக்கம் போனாலே கண் சிவந்து தும்மல் பிடித்துக்கொள்ளும். அந்த அறைக்குப் போகவே கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். மிச்சம் இருந்தது மாப்பிள்ளை.

மாப்பிள்ளை டவர் கிரேன் ஓட்டுபவர். தினமும் காலையில் அறுபது மீட்டர் ஏணி ஏறி, காற்றில் ஆடுகிற ஒரு கண்ணாடிக் கூண்டுக்குள் உட்கார்ந்து, கட்டுக் கட்டாக இரும்புக் கம்பிகளைத் தூக்கி அடுத்தவர் தலைக்கு மேலே நகர்த்துபவர். மாமனாருக்கு அவர்மேல் தனி மரியாதை. “என் மாப்ளைக்குப் பயம்னா என்னன்னே தெரியாது” என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருப்பார்.

கரப்பான்பூச்சி என்றால் மாப்பிள்ளைக்குக் குலை நடுங்கும் என்பது உலகத்தில் ஒரே ஒருத்திக்குத்தான் தெரியும். கல்யாணமான இரண்டாவது வாரம், குளியலறையில் சாதாரணப் பூச்சி ஒன்றைப் பார்த்துவிட்டு, சோப்பு நுரையோடு ஓடி வந்து கட்டில்மேல் ஏறி நின்றவரை அவர் மனைவி கண்ணாரக் கண்டிருக்கிறாள். மூன்று வருடமாக அதை யாரிடமும் சொல்லவில்லை. சண்டை வந்தால் மட்டும் கட்டிலைப் பார்த்துவிட்டு ஒரு சிரிப்பு சிரிப்பாள். சண்டை அதோடு முடிந்துவிடும்.

“மாப்ள பாத்துக்குவாரு” என்று மாமனார் சொன்னபோதும் அவள் அதே மாதிரிதான் சிரித்தாள்.

“கண்டிப்பா மாமா” என்றார் மாப்பிள்ளை. வேறு என்ன சொல்ல முடியும்?

ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும் முன் மாமனார் அவரைத் தொட்டிமுன் நிறுத்தி வகுப்பு எடுத்தார். கேரட் வில்லை தினம் ஒரு கைப்பிடி. பூனைத் தீனி கொஞ்சம். தண்ணீருக்கு வைத்த பஞ்சு காயக் கூடாது. கண்ணாடியில் ஏறி வெளியே வராமலிருக்க விளிம்பில் வாசலின் தடவ வேண்டும். மூடியின் கொக்கி இரண்டையும் ‘டக்’ என்று சத்தம் வரும்வரை அழுத்த வேண்டும். பிறகு பூச்சிகள் ஒளிந்துகொள்ளப் போட்டிருந்த முட்டை அட்டைக்கு அடியில் படுத்திருந்த ஒரு பருமனான பூச்சியைக் காட்டினார்.

“இவங்கதான் பெரியம்மா. சினையா இருக்காங்க. இதுங்க முட்டை போட்டுட்டுப் போறதில்ல மாப்ள, நேரா குட்டியாவே போடும். இன்னைக்கோ நாளைக்கோ ஆயிடும். அழுத்திப் பிடிச்சிடாதீங்க.”

பெரியம்மா என்று பெயர் வைத்தது மாமியாரின் அக்கா வந்து போன வாரத்தில். அதற்காக மாமியார் இன்னும் மன்னிக்கவில்லை.

முதல் நாள் மாப்பிள்ளை வேலை முடிந்து வந்து, தடிமனான தோல் கையுறை மாட்டிக்கொண்டு, முகத்தைப் பின்னால் திருப்பி, மூடியை நாலு விரற்கடை தூக்கி, கேரட்டைக் கல் எறிவதுபோல உள்ளே எறிந்தார். இரண்டாம் நாள் எறிந்த கேரட் யார் முதுகிலோ விழுந்தது. ‘உஸ்ஸ்’ என்று ஒன்று சீற, இன்னொன்று சீற, தொட்டியே குக்கர்போலச் சத்தம் போட்டது. மாப்பிள்ளை மூடியை அப்படியே போட்டார். ஒரு கொக்கி ‘டக்’ என்றது. இன்னொன்று ஒன்றும் சொல்லவில்லை. அவர் சோபாவில் போய் உட்கார்ந்து தண்ணீர் குடித்தார். ஒரு மணி நேரம் கழித்து, அறைக்கதவில் மாட்டியிருந்த தன் ஜாக்கெட்டைக் கையை மட்டும் நீட்டி எடுத்துப் பைக்குள் திணித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

அன்று மாமனாருக்கு அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்திருந்தது. கண் விழித்ததும் அவர் கேட்ட முதல் கேள்விக்கு மாமியார் பதில் சொல்ல மறுத்துவிட்டார்.

மறுநாள் காலை மாப்பிள்ளை பையோடு மேலே ஏறினார். குளிர்க்காற்று அடித்ததால் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டார். முதல் கம்பிக் கட்டைத் தூக்கி, எட்டாவது மாடிக்கு நேராகக் கொண்டு வந்தபோது உள்பாக்கெட்டில் ஏதோ அசைந்தது. ஃபோன் என்று நினைத்தார். ஃபோன் கண்ணெதிரே இருந்தது.

பாக்கெட்டிலிருந்து இரண்டு மீசைகள் எட்டிப் பார்த்தன.

கீழே வாக்கிடாக்கியில் சைகை சொல்கிற ஆளுக்கு ‘விசில்’ என்று பெயர். “அண்ணே, அப்படியே நிறுத்துங்க. கொஞ்சம் இடது பக்கம்” என்றார் விசில். கட்டுக்குக் கீழே ஆறு பேர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளையின் இரண்டு கைகளும் நெம்புகோல்களில். பெரியம்மா நிதானமாகப் பாக்கெட்டை விட்டு வெளியே வந்து, மார்பில் ஏறி, காலர் பக்கம் நடந்தாள். வைத்த காலை அழுத்தி வைத்து நடந்தாள்.

‘உஸ்ஸ்.’

“அண்ணே, ஏதோ காத்து புடுங்குது. குழாய் ஏதாச்சும் லீக்கா?”

“ஒண்ணுமில்ல.”

‘உஸ்ஸ்ஸ்.’

“மறுபடி கேக்குதே! என்னண்ணே அங்க?”

மாப்பிள்ளை கழுத்தை அசைக்காமல் வாயை மட்டும் திறந்தார். “மாமனார் வீட்டுப் பெரியம்மா” என்றார்.

“மேலயா? அந்தம்மா எப்படிண்ணே ஏறுனாங்க?”

“அப்புறம் சொல்றேன். இடது பக்கம் எவ்வளவு, அத மட்டும் சொல்லு.”

காதுக்குப் பின்னால் மீசை உரசியது. குளியலறையிலிருந்து ஓடியதுபோல இங்கிருந்து ஓட முடியாது. ஓடினால் கட்டு ஆடும். மாப்பிள்ளை பல்லைக் கடித்துக்கொண்டு, ஒரு சாண் இடது, அரைச் சாண் கீழே என்று விசில் சொன்ன கணக்கைத் தவிர எதையும் நினைக்காமல் கட்டை இறக்கினார். கம்பிகள் மாடியைத் தொட்டு, கொக்கி கழன்றதும்தான் மூச்சு விட்டார்.

கையுறையோடு பிடித்தால் நசுங்கிவிடும் என்று தோன்றியது. கையுறையைக் கழற்றினார். கண்ணை மூடிக்கொண்டு, வெறும் உள்ளங்கையைத் தோளில் வைத்தார். பெரியம்மா கொஞ்சம் யோசித்துவிட்டு ஏறிக்கொண்டாள். பிசுபிசுப்பாக இருக்கும் என்று இத்தனை வருடம் பயந்திருந்தார். பிசுபிசுப்பே இல்லை. உலர்ந்த வழவழப்பு, சின்னச் சின்ன முள் கால்கள், ஒரு பெரிய பொத்தான் அளவுக்குக் கனம். அவ்வளவுதான். ஆனாலும் ஒரு கண்ணை மட்டும்தான் திறந்தார். சாப்பாட்டை ஒரு கவருக்கு மாற்றிவிட்டு, டப்பாவைத் துடைத்து, அதற்குள் பெரியம்மாவை இறக்கி, காற்றுக்கு இடம் விட்டு மூடினார். இருக்கைக்குப் பின்னால் நிழலில் வைத்தார்.

மதியம் திறந்து பார்த்தபோது டப்பாவில் பெரியம்மா மட்டும் இல்லை. சுற்றிலும் ஊறவைத்த அரிசி மாதிரி வெள்ளை வெளேரென்று குட்டிகள், ஒன்றின்மேல் ஒன்று ஏறிக்கொண்டு.

மாப்பிள்ளை உடனே மாமனாருக்கு ஃபோன் போட்டார். மாமியார் அதை எடுத்து, ஸ்பீக்கரில் போட்டு, படுக்கையில் இருந்தவர் காதருகே பிடித்தார்.

“மாமா, பெரியம்மாவுக்குப் பிரசவம் ஆயிடுச்சு!”

“எத்தனை மாப்ள?”

“எண்ணுனவரைக்கும் முப்பத்தொண்ணு. இன்னும் வந்துக்கிட்டே இருக்கு.”

ஊசி போட வந்த நர்ஸ் அப்படியே நின்றுவிட்டார். “பெரியம்மாவுக்கா? அவங்களுக்கு என்ன வயசு?”

“ரெண்டு” என்றார் மாமனார், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

நர்ஸ் அவருடைய மயக்க மருந்துச் சீட்டை இன்னொரு தடவை படித்துப் பார்த்தார். மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டார். “எதுவும் கேக்காதீங்கம்மா. முப்பது வருஷமா நானும் கேக்காமத்தான் குடும்பம் நடத்துறேன்.”

மாலையில் டப்பாவைப் பாதுகாப்புப் பட்டையோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு மாப்பிள்ளை ஏணியில் இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் நின்று, டப்பா சாயவில்லையே என்று பார்த்து, வழக்கத்தைவிட இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டார். கீழே மொத்தத் தளமும் பெரியம்மாவைப் பார்க்கக் கூடியிருந்தது. டப்பாவைத் திறந்ததும் பாதிப் பேர் பின்னால் போனார்கள். விசில் மட்டும் குனிந்து வெகுநேரம் பார்த்தார்.

நாலாம் நாள் வீடு திரும்பிய மாமனார், வயிற்றைப் பிடித்துக்கொண்டு நேராகச் சின்ன அறைக்குப் போனார். குட்டிகள் பழுப்பேறி, அம்மாவின் அடியில் கூட்டமாகக் கிடந்தன. வெகுநேரம் பார்த்துவிட்டு, “உங்களுக்குப் பயமா இல்லையா மாப்ள?” என்று கேட்டார்.

மாப்பிள்ளை மனைவியைப் பார்த்தார். அவள் அறைக்கு வெளியே முகமூடி போட்டுக்கொண்டு நின்றிருந்தாள். முகமூடிக்குள் சிரிக்கிறாளா என்று தெரியவில்லை.

“உயிர் போயிடுச்சு மாமா. முதல் நாள்லேருந்தே. இப்பவும் அப்படித்தான்.”

மாமனார் தையல் வலிக்க வலிக்கச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்தி, அவர் கையைப் பிடித்து, “அப்புறம் எதுக்குய்யா ஒத்துக்கிட்டீங்க?” என்றார்.

“நீங்க கேட்டீங்க, அதான்.”

குட்டிகளில் ஆறை விசில் தன் வீட்டுக்குக் கேட்டு வாங்கிப் போனார். அதிலிருந்து வாக்கிடாக்கியில் வேலைப் பேச்சோடு வேறு பேச்சும் வரத் தொடங்கியது.

“அண்ணே, அதுல ஒண்ணு ரெண்டு நாளா சாப்பிடல. ஒரே இடத்துல உக்காந்திருக்கு.”

“சட்டை உரிக்கப் போகுது. தொடாத. பஞ்ச மட்டும் நனைச்சு வை” என்றார் மாப்பிள்ளை அறுபது மீட்டர் உயரத்திலிருந்து, பெரிய நிபுணர்போல.

“சாயங்காலம் வீட்டுக்கு வந்து கையில எடுத்து ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன்.”

“விசிலு, கட்டு வருது. தள்ளி நில்லு” என்றார் மாப்பிள்ளை.