உத்தமன் மைனரா?

சத்தியமாக ஒரு மாத்திரையைக்கூட நான் சாக்கடையில் போடவில்லை. கர்ப்பம் என்று தெரிந்ததிலிருந்து மூன்று மாதமாக இரும்புச்சத்து மாத்திரை, முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் எல்லாம் ஒழுங்காக உள்ளே போய்க்கொண்டுதான் இருந்தன. ஹீமோகுளோபின்தான் ஒன்பதைத் தாண்டமாட்டேன் என்று அடம்பிடித்தது. என் மாமியார் பார்வதம் இதை நம்பணுமே!

பூந்தமல்லி டாக்டரம்மா வேறொரு ரத்தப் பரிசோதனை எழுதிக் கொடுத்தார். தலசீமியா மைனர் என்று வந்தது.

"இது பொறப்புலயே வர்றதும்மா. இரும்பு உனக்குப் போதுமான அளவு இருக்கு, சிவப்பணுதான் பொடிசு. உனக்கு ஆபத்தில்ல. ஆனா உன் வீட்டுக்காரரும் மைனரா இருந்தா, குழந்தை மேஜராப் பொறக்க நாலுல ஒரு வாய்ப்பு இருக்கு. ஆயுசு பூரா ரத்தம் ஏத்தணும். சீக்கிரம் அவரைக் கூட்டிட்டு வா."

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் அப்படியே சொன்னேன்.

என் வீட்டுக்காரர் உத்தமனுக்கு வெல்டிங் பட்டறையில் வேலை. நெருப்புப் பொறிக்கு அசராத மனுஷன், ஊசியைப் பார்த்தால் வேர்த்துக் கொட்டுவார். "நாளைக்குப் போலாம்மே" என்றே ஒரு வாரத்தை ஓட்டினார். எட்டாம் நாள் கத்திவிட்டேன்.

"யோவ், நீ மைனரா இல்லியான்னு எனக்குத் தெரிஞ்சாகணும்!"

அத்தை கரண்டியோடு ஓடிவந்தார். "இன்னாது? உத்தமன்னு பேரு வெச்சிகீறேன், அவனப் போயி மைனருன்றியா?"

"நான் சொல்லலத்தே, டாக்டரம்மாதான் பாக்கணும்னாங்க."

"ஜிப்பா மாட்டிகினு, செயினு போட்டுகினு பொம்பளைங்க பின்னாடி சுத்துறானா இவன்? டேய், எய்ந்திரிடா! ரத்தத்தக் குட்த்து எம் மானத்தக் காப்பாத்து!"

சட்டையைப் பிடித்து ஷேர் ஆட்டோவில் ஏற்றினார். மெட்ரோ வேலையால் வண்டி ஊர்ந்த அரைமணி நேரமும், மகனின் யோக்கியதையை முன்பின் தெரியாத நாலு பேருக்கு விளக்கிக்கொண்டே வந்தார். ஆஸ்பத்திரியில் இறங்கியதும் அவமானத்தில் உத்தமன் கையை நீட்டிவிட்டார். ஊசி தொடுமுன்பே மயங்கியும் விட்டார்.

முடிவு வர நாலு நாள் ஆனது. நான் தூங்கவே இல்லை. எந்த நேரமும் கை வயிற்றின்மேல்தான் இருந்தது.

"அவருக்கு இல்லம்மா," என்றார் டாக்டரம்மா. "குழந்தைக்கு மேஜர் வராது. உன்ன மாதிரி மைனரா வேணா இருக்கலாம்."

அங்கேயே அழுதுவிட்டேன். அத்தை இப்போது ஊரைக் கூட்டப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ வெளியே பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்து முந்தானையில் முகத்தைத் துடைத்தார்.

"நாலுல ஒண்ணுன்னு நர்சம்மா சொன்னதுலேர்ந்து எனக்கு சோறு எறங்கலடி."

"நர்சம்மாவா? அத்தே, அப்ப இது இன்னா மைனருன்னு உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

"உனுக்கு ரிசல்ட்டு வந்த அன்னிக்கே நர்சம்மாவக் கேக்காம இருப்பனா? அவன் ஊசின்னா ஓடிப்பூடுவான். மானம் போவுதுன்னாத்தான் வண்டி ஏறுவான்."