கேள்வியே கேட்காத பாலிசி

முடிதிருத்தும் மாஸ்டருக்கு இந்த உலகத்தில் ஒரே ஒரு பயம்தான். மனைவி விண்ணப்பம் நிரப்பும்போது பக்கத்தில் உட்காருவது.

அவள் அச்சகத்தில் பிழை திருத்துகிறவள். சோப்பு உறையில் இருக்கும் பொடி எழுத்தைக்கூட விடமாட்டாள். மாஸ்டருடைய அண்ணனுக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆகி, சேர்த்து வைத்ததெல்லாம் கரைந்ததிலிருந்து, "நாமளும் ஒரு மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆகணும்" என்று ஒற்றைக்காலில் நின்றாள். மூன்று கம்பெனி விண்ணப்பங்களை வாங்கி, ஒப்பிட்டு, ஒன்றைத் தேர்ந்தெடுத்தும் விட்டாள். மூன்றிலும் ஒரு கேள்வி மட்டும் மாறவே இல்லை: புகைபிடிக்கும் பழக்கம் உண்டா?

அங்கேதான் மாஸ்டர் மாட்டிக்கொண்டார். மூன்று வருஷத்துக்கு முன்னால், மகள் முன்னாலேயே சத்தியம் பண்ணி சிகரெட்டை விட்டவர் அவர். விட்டது பதினோரு நாள். அதற்கப்புறம் கடைக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டி மறைவில், தினமும் ஆறு. ஷேவிங் லோஷன் வாசனையில் எல்லாம் அடங்கிப்போனது. மனுஷனுக்குச் சாமர்த்தியத்தில் குறைச்சலே இல்லை!

உண்மையைச் சொன்னால் வீட்டில் பூகம்பம். பொய் எழுதினால், நாளைக்கு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும்போது கம்பெனி கையை விரித்துவிடும். "இன்னிக்கு முடியாதும்மா, நாளைக்குப் பார்க்கலாம்" என்று பத்து நாளை ஓட்டிவிட்டார்.

பதினோராம் நாள் கடையில் போன் அடித்தது. மனைவி தேர்ந்தெடுத்த அதே கம்பெனியின் பெயரைச் சொன்னான் ஒருவன். ஆலோசகராம்.

"டெஸ்ட் கிடையாது, கேள்வி கிடையாது அண்ணா. அடையாள அட்டையைப் போட்டோ எடுத்து அனுப்புங்க. மத்ததுக்கெல்லாம் நானே 'இல்லை'ன்னு போட்டுக்கறேன்."

"எதுவுமே கேக்க மாட்டீங்களா?"

"உங்களைப் போய்க் கஷ்டப்படுத்துவேனா? பணத்தை மட்டும் என் நம்பருக்குப் போட்டுடுங்க. அஞ்சு மணியோட ஆஃபர் முடியுது."

மாஸ்டர் காதில் தேன் பாய்ந்தது. போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு கத்தரிக்கோலை எடுத்தார். நாற்காலியில் இருந்தவருக்கு உச்சியில் எண்ணி நாலு முடி. செல்போனில் ஒரு வாலிபன் படத்தைக் காட்டி, "இந்த ஸ்டைல் எனக்கு நல்லா இருக்குமா மாஸ்டர்?" என்றார்.

"உங்க முகத்துக்குன்னே வந்த ஸ்டைல் சார்!" வாய் தானாகச் சொன்னது.

போனுக்குள்ளிருந்து அவன் சொன்னான்: "உங்க குடும்பத்துக்குன்னே வந்த பாலிசி அண்ணா!"

மாஸ்டர் கை அப்படியே நின்றுவிட்டது. அடப்பாவி, இது நம்ம சரக்காச்சே! இருபத்திரண்டு வருஷமாக இந்த நாற்காலியில் உட்காருகிற அத்தனை பேரிடமும் இதைத்தானே சொல்கிறார். முடிவெட்டு சொதப்பினால் ஒரு மாதத்தில் வளர்ந்துவிடும். பாலிசி சொதப்பினால்?

"தம்பி, உங்க லைசென்ஸ் நம்பரைச் சொல்லுங்க. கம்பெனியிலயே கேட்டுக்கறேன்."

"என்னண்ணா, என்மேல நம்பிக்கை இல்லையா? ஆஃபர் போயிடும்!"

"போனா போகட்டும். நம்பர்?"

தேன் வற்றி ஒரு கெட்ட வார்த்தை வந்து விழுந்தது. போன் கட்டாகிவிட்டது.

கம்பெனியின் இணையதளத்தில் இருந்த எண்ணை மாஸ்டரே தேடி எடுத்துக் கூப்பிட்டார். ஒரு பெண் பேசினாள். "அப்படி யாரும் எங்ககிட்ட இல்லை சார். தனியாள் நம்பருக்குப் பணமும் போடாதீங்க, அட்டையும் அனுப்பாதீங்க. நல்லவேளை, கேட்டீங்க. விண்ணப்பத்துல உள்ளதை உள்ளபடி எழுதுங்க, போதும்."

"உள்ளபடியேவா?"

"உள்ளபடியே சார்."

சாயங்காலம் வீட்டில் மாஸ்டர் இந்தக் கதையைக் கையை ஆட்டி ஆட்டிச் சொன்னார். மனைவிக்கு ஒரே பெருமை. "பரவாயில்லையே! பொய்யைக் கண்டுபிடிக்க உங்களை விட்டா ஆள் கிடையாது" என்று சிரித்துக்கொண்டே விண்ணப்பத்தை எடுத்து மேசையில் விரித்தாள். பேர், வயசு, எடை எல்லாம் மளமளவென்று ஓடின. சிகரெட் கேள்வி வந்ததும் அவரைக் கேட்கக்கூட இல்லை. பேனா நேராக 'இல்லை' கட்டத்துக்குப் போனது.

மாஸ்டர் அவள் கையைப் பிடித்தார். "அங்க இல்லம்மா. 'ஆமா'ன்னு போடு."

அவள் நிமிர்ந்து பார்த்தாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தவில்லை.

"ஒரு நாளைக்கு எத்தனைன்னு கேட்டிருக்கு" என்றாள்.

"நாலு."

அவள் எழுதவில்லை. பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"ஆறு."

ஆறு என்று எழுதினாள். எழுத்து கோணிக்கொண்டு போனது.

"உங்க அண்ணன் ஆபரேஷன் தியேட்டருக்குள்ள இருந்தப்போ அண்ணி அழுதாங்க இல்ல? நீங்கதான் சிகரெட்டை விட்டுட்டீங்களே, நம்ம வீட்ல அந்தப் பயம் இல்லைன்னு மனசுக்குள்ள நினைச்சேன். அன்னிக்கு ராத்திரி நிம்மதியாத் தூங்கினேங்க."

மாஸ்டர், தப்புதான், மன்னிச்சிடு என்று என்னென்னவோ சொன்னார். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, விண்ணப்பத்தையும் பேனாவையும் அவர் பக்கம் தள்ளினாள்.

"மிச்சத்தை நீங்களே எழுதுங்க. இனிமே உங்களுக்காக நான் எதுக்கும் 'இல்லை'ன்னு போடறதா இல்லை."